டிரை சூட்டில் தலைகீழாக மேலே வந்த கதை

உடலை ஒட்டித் தண்ணீர் புகும் வெட்சூட்டில் எண்பது முறைக்கு மேல் முக்குளித்தவன் என்ற தலைக்கனத்தோடுதான், தண்ணீர் புகாமல் உள்ளே காற்றை வைத்திருக்கும் டிரை சூட் பயிற்சிக்குப் போனேன். தண்ணீர் 8 டிகிரியில் இருந்தது. காற்றைவிடத் தண்ணீர் உடற்சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும் என்பதால், அங்கே வெட்சூட்டை நம்பி நெடுநேரம் இருக்க முடியாது.

முதல் அடி கரையிலேயே விழுந்தது. தண்ணீர் புகாமல் இறுகப் பிடிக்கும் கழுத்துப் பட்டையில் டால்கம் பவுடரைத் தூவித் தலையை நுழைத்தேன்; காதுகள் பிய்ந்துவிடும் போலிருந்தது. இரண்டே நிமிடத்தில் தலை சுற்றியது. பயிற்றுநர் உடனே கழற்றச் சொன்னார். கழுத்தின் பக்கவாட்டு ரத்தக்குழாய் அழுந்தினால் இதயத் துடிப்பு மந்தமாகி மயக்கமே வரலாமாம். அடுத்துக் கொடுத்த உடையின் பட்டை சற்றுத் தளர்வாக இருந்தது, பிழைத்தேன்.

உள்ளே தடித்த கம்பளி உடை வேறு. அது காற்றைத் தேக்கிவைப்பதால் மிதப்பு கூடும், மூழ்குவதற்குப் பெல்ட்டில் கட்டும் ஈயமும் கூடுதலாக வேண்டும். அவர் சொன்ன எடைக்கு மேல் இன்னும் 3 கிலோ கேட்டு வாங்கிக்கொண்டேன். மூழ்க முடியாமல் மேலேயே மிதந்தால் மானம் போய்விடுமே!

5 மீட்டரில் உடை இறுக்கத் தொடங்கியது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிள்ளியது (மறுநாள் தொடையில் சிவப்புக் கோடுகள்). மார்பிலுள்ள வால்வை அழுத்திக் காற்றை உடைக்குள் விட்டதும் இதமாக இருந்தது. ஆனால் அந்த 3 கிலோவைத் தூக்கி நிறுத்தவும் உடைக்குள்ளேயே காற்றை நிரப்பிக்கொண்டே போனேன்.

ஒரு பாறை இடுக்கைப் பார்க்கத் தலையைக் குனிந்ததுதான் தாமதம், அந்தக் காற்று முழுவதும் கால்களுக்கு ஓடிவிட்டது. பூட்ஸ் பந்து போல் உப்பித் துடுப்புகள் கழன்றுவிடப் பார்த்தன. காற்றை வெளியேற்றும் வால்வு இடது மேற்கையில் இருக்கிறது, காற்றோ காலில். எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. மேலே எழ எழ அழுத்தம் குறைந்து காற்று விரிய, வேகமும் கூடியது. முழங்காலை மார்போடு மடக்கி உருண்டு நிமிர வேண்டும் என்று நீச்சல் குளத்தில் கற்றதெல்லாம் மறந்தே போயிற்று. மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே இருந்தேன். அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன். அடக்கியிருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கக்கூடும்.

தண்ணீருக்கு மேலே முதலில் எட்டிப் பார்த்தவை என் கால்கள். பின்னாலேயே வந்த பயிற்றுநர் என்னை நிமிர்த்தி, கரையில் உட்காரவைத்து பாதிப்புக்கான அறிகுறிகள் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். திட்டவில்லை. என் பெல்ட்டிலிருந்து 3 கிலோவைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அதை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

மிதப்பை உடையாலேயே சரிசெய்யலாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இறுக்கம் நீங்குமளவுக்கு மட்டும் உடைக்குள் காற்று, மற்றதற்கு மிதவை ஜாக்கெட் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் 4 மீட்டரில் அவர் கண் முன்னே பத்து முறை உருண்டு நிமிர்ந்தேன். ஏழாவது முறையில்தான் பதற்றமில்லாமல் வந்தது.

இடது கை மட்டும் இன்னும் நனைந்தே வருகிறது. விளக்கை இறுகப் பிடித்தால் மணிக்கட்டில் தசைநாண்கள் புடைத்து, மணிக்கட்டுப் பட்டைக்கு அடியில் தண்ணீர் நுழைய வழி விடுகின்றன. பிடியைத் தளர்த்தப் பழகிக்கொண்டிருக்கிறேன்.