இ.கோலி பாக்டீரியாவுல கரைஞ்ச நிலையிலயே புரோட்டீன் எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

செல்வி_லேப்
எம்பிபி டேக் (புரோட்டீன் கரைய உதவ அதோட ஒட்டி வைக்கிற இன்னொரு புரோட்டீன்) போட்டவங்க யாராவது இருக்கீங்களா, எனக்கு இது மனச விட்டுப் போகவே மாட்டேங்குது. புரோட்டீன் ஒரு சைட்டோகைன் (செல்லுக்குச் செல் சேதி சொல்ற புரோட்டீன்), பிஎல்21ங்கற இ.கோலி ஸ்ட்ரெயின்ல 37 டிகிரில மொத்தமும் கரையாம அடியில படியுற பெல்லட்லதான் போச்சு, எம்பிபி சேர்த்ததும் மேல நிக்கிற தெளிவான சூப்பர்நேட்டன்ட்ல தடியா பேண்டு, அமைலோஸ் காலம்ல (எம்பிபிய ஒட்ட வச்சுப் பிரிக்கிற column) புடிச்சு மால்டோஸ்ல அழகா இறங்குச்சு. டேகை வெட்ட டெவ் புரோட்டியேஸ்ங்கற வெட்டுற என்சைம் போட்டு ராத்திரி 4 டிகிரில வச்சேன். காலைல டியூபை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கிக் கிடக்கு. ஸ்பின் பண்ணா மேல எம்பிபி மட்டும், நமக்கு வேண்டியது அடியில. அப்ப அது ஒழுங்கா மடிஞ்சே இருக்கலையா?

கோவை_பயோ
இருந்திருக்காது சிஸ்டர். கரைஞ்சிருக்குன்னா மடிஞ்சிருக்குன்னு அர்த்தம் இல்ல. எங்களுக்கும் ஒரு கைனேஸ் என்சைம்ல இதே கதை, வெட்டுறதுக்கு முன்னாடியே அளவு பாத்துப் பிரிக்கிற சைஸ் காலம்ல ஓட்டினோம், எல்லாம் வாய்ட் வால்யூம்லயே (ரொம்பப் பெரிய கட்டிங்க முதல்ல வெளிவர்ற பகுதி) மொத்தமா வந்துருச்சு, அதாவது கரைஞ்ச கட்டி. முதல்ல 16–18 டிகிரிக்கு இறக்குங்க, புரோட்டீன் உற்பத்தியத் தூண்டுற ஐபிடிஜிய 0.1 மில்லிமோலாருக்குக் குறைங்க, ஓவர்நைட் விடுங்க. மெதுவா உருவானாதான் மடிய நேரம் கிடைக்கும்.

மதுரைக்காரன்77
குளிர்ல வச்சா எல்லாம் சரியாயிடும்ங்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன். டைசல்ஃபைடு (ரெண்டு சிஸ்டீனுக்கு நடுவுல கந்தகப் பிணைப்பு) இருந்தா செல்லோட உள்பகுதியான சைட்டோபிளாசம்ல எத்தனை டிகிரில வச்சாலும் அந்தப் பிணைப்பு சரியா விழாது, உள்ள அந்தப் பிணைப்ப உடைக்கிற ரெட்யூசிங் சூழல். ஒண்ணு சைட்டோபிளாசத்துலயே டைசல்ஃபைடு விழுற மாதிரி மாத்தின ஷஃபிள் மாதிரி ஸ்ட்ரெயினுக்கு மாறணும், இல்லன்னா பெல்பி சிக்னல் போட்டு பெரிபிளாசத்துக்கு (செல்லோட ரெண்டு சவ்வுக்கு நடுவுல இருக்குற இடம்) அனுப்பணும், அங்கதான் அந்தப் பிணைப்ப உருவாக்கித் திருத்துற டிஎஸ்பிஏ, டிஎஸ்பிசி என்சைம் இருக்கு. எங்க ஃபேப் துண்டு (ஆன்டிபாடியோட ஒட்டுற பகுதி) சைட்டோபிளாசம்ல ஒரு சொட்டு கூட தேறல, பெரிபிளாசத்துல கொஞ்சமா வந்தாலும் வந்தது முழுக்க ஆன்டிஜென்ல ஒட்டுச்சு, ஒட்டுச்சான்னு நிறத்துல காட்டுற அந்த எலைசா பிளேட் மஞ்சளா மாறுனத இன்னும் மறக்க முடியல. இன்னொண்ணு, இன்க்ளூஷன் பாடின்னாலே (செல்லுக்குள்ள கரையாம சேர்ற புரோட்டீன் கட்டி) அழ வேண்டியதில்ல. 1991ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன ஃபில்கிராஸ்டிம்ங்கற மருந்தே (வெள்ளை அணுவக் கூட்டுறது) இன்க்ளூஷன் பாடில இருந்து திரும்ப மடிய வச்சு, அதாவது ரீஃபோல்டு பண்ணி எடுக்குறதுதான்.

கோவை_பயோ
ஃபில்கிராஸ்டிம் சரி அண்ணா, ஆனா அது கம்பெனி ரியாக்டர். 8 மோலார் யூரியாவுல கரைச்சு, ஆர்ஜினின், குளூட்டாத்தயோன் விகிதம் பாத்து, நீர்க்க டைல்யூட் பண்ணி, மறுபடி அத்தனை லிட்டரையும் கான்சென்ட்ரேட் பண்றது ஒரு ஸ்டூடன்ட் தனியா பண்ற வேலையா? டைசல்ஃபைடு பாயிண்ட் மட்டும் ஒத்துக்கறேன்.

நிலா_இம்யூனோ
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன், மருந்துக்குன்னா எண்டோடாக்சினை, அதாவது இ.கோலியோட வெளிச்சவ்வுல இருக்குற எல்பிஎஸ்ஸை, மறந்துடாதீங்க. கூட வேலை பாத்தவங்க ஒரு புரோட்டீனை டிஎச்பி-1ங்கற மனித நோயெதிர்ப்பு செல்லுல போட்டாங்க, அழற்சியக் காட்டுற டிஎன்எஃப் எகிறுச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். சந்தேகத்துல அதே சாம்பிளைக் கொதிக்க வச்சுப் போட்டேன். அதே அளவு டிஎன்எஃப். புரோட்டீன் செத்தாலும் எல்பிஎஸ் வெப்பத்துக்குச் சாகாதுல்ல, அன்னிக்கு அந்த ரூம்ல யாரும் பேசல. நிக்கல் காலம்ல புரோட்டீன் ஒட்டியிருக்கும்போதே டிரைட்டான் எக்ஸ்-114 டிடர்ஜென்ட் போட்டு குளிர்ல நல்லா கழுவுங்க, அப்புறம் டிரைட்டான் போக இன்னும் கழுவுங்க, எண்டோடாக்சின் அளக்குற எல்ஏஎல் டெஸ்ட் பண்ணுங்க, கொதிக்க வச்ச கன்ட்ரோல் ஒவ்வொரு அசேலயும் போடுங்க, எல்பிஎஸ்ஸை முடக்குற பாலிமிக்சின் பி கன்ட்ரோலும் வைங்க. ஜெல்ல ஒரே பேண்டு வந்தா சுத்தம்னு அர்த்தம் இல்ல, எல்பிஎஸ் கூமாசி சாயத்துல தெரியாது.

செல்வி_லேப்
என் புரோட்டீன்ல ரெண்டு டைசல்ஃபைடு இருக்கு, அதை மேல சொல்லியிருக்கணும். ஷஃபிள்ல எம்பிபியோடயே போடலாமா, இல்ல சுமோங்கற இன்னொரு டேகுக்கு மாறவா?