ஆஃப்செட் வளைவுக்கு என்ன சொல்? (நாளை மறுநாள் அச்சு!)

பயிற்றுநர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மின்பணியாளர் கையேட்டில் குழாய் வளைத்தல் அத்தியாயம் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. சுவரை ஒட்டி வரும் கான்டியூட் குழாய் (மின்கம்பிகள் உள்ளே செல்லும் குழாய்), சற்றே உயர்ந்து நிற்கும் மின்பெட்டியின் துளைக்குள் நேராக நுழைய வேண்டும். அதற்காக ஒருமுறை வளைந்து, சாய்வாகப் போய், அதே கோணத்தில் எதிர்ப்புறம் வளைந்து, பழைய திசைக்கு இணையாகத் திரும்புகிறது. அதுதான் ஆஃப்செட். கணக்கில் சிக்கல் இல்லை: விலகும் உயரத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் இரு வளைவுக் குறிகளுக்கும் இடையிலான தூரம் கிடைத்துவிடும். 30 பாகைக்கு உயரத்தைப் போல 2 மடங்கு, 45க்கு 1.4, 22.5க்கு 2.6. பெயரில்தான் சிக்கல். ‘இரட்டை வளைவு’ போதுமா?

மின்பணியாளர் எழுதியது:

போதாது. இரண்டு வளைவையும் ஒரே பக்கம் போட்டால் ‘ப’ வடிவம் வரும். அதுவும் இரட்டை வளைவுதானே?

புலவர் எழுதியது:

‘விலகற்கோட்டம்’ என்க. கோடுதல் என்றால் வளைதல். யானைக்கோடு, கொடுங்கோல் எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. துலாக்கோல் போல ஒரு பக்கம் சாயாதிருப்பதைக் குறள் ‘ஒருபால் கோடாமை’ என்கிறது. நம் குழாய் ஒருபால் கோடிய கோல். இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்?

மின்பணியாளர் எழுதியது:

ஐயா, என் மாணவனிடம் கோடு என்றால் அளவுகோலை எடுத்து நேராகப் போடுவான். கோட்டம் என்றால் நிர்வாகப் பிரிவு அல்லது கோயில் என்பான். என் பரிந்துரை ‘நெளிவு’. நெளிவு சுளிவு தெரிந்தவனைத்தான் நாம் தொழில் தெரிந்தவன் என்கிறோம்.

பயிற்றுநர் எழுதியது:

பட்டறையில் நெளிந்த குழாய் என்றால் நசுங்கியது, கழித்துப் போட வேண்டியது என்று பொருள். வேண்டாம்.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

‘விலகல்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கண்ணாடிப் பாளத்தில் நுழையும் ஒளிக்கதிர் முதல் பரப்பில் ஒரு பக்கம் விலகுகிறது. மறுபரப்பில் அதே அளவு எதிர்ப்பக்கம் விலகி, பழைய திசைக்கு இணையாகவே வெளியேறுகிறது. உங்கள் குழாயேதான்! ஒளிவிலகல் படித்த மாணவனுக்குப் படம் உடனே விளங்கும்.

புலவர் எழுதியது:

திட்டவிலகல் படித்தவனுக்கு?

பயிற்றுநர் எழுதியது:

சண்டைக்கு நடுவே இன்னொன்று. 30 பாகையில் 100 மி.மீ. விலக்கினால் குழாய் சாய்வில் 200 மி.மீ. ஓடுகிறது, ஆனால் நேர்த்திசையில் 173 மட்டுமே முன்னேறுகிறது. அந்த 27 மி.மீ. குறைவைச் சேர்க்காமல் முதல் குறியைப் போட்டால் குழாய் பெட்டிக்கு எட்டாது. நாங்கள் இதைச் ‘சுருக்கம்’ என்கிறோம். குழாய் எங்கே சுருங்குகிறது? தவறான சொல்.

புலவர் எழுதியது:

எட்டாக்குறை. எட்டாக்கனி போல. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும்.

மின்பணியாளர் எழுதியது:

அடடா! இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஐயா, கேட்ட சொல்லை விட்டுக் கேட்காத சொல்லில் அசத்திவிட்டீர்கள்.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

அப்படியானால் முதல் சொல் ‘விலகுவளைவு’. புரிகிறது, வாயில் நுழைகிறது. எனக்கு நாளை விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது, இதோடு விடுங்கள்.

மின்பணியாளர் எழுதியது:

சரி. பக்கத்தில் ‘ஆஃப்செட்’ என்றும் போடுங்கள். கடையில் கேட்க வேண்டுமே.

புலவர் எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. விலகுவது குழாய்தான், வளைவு அல்ல. வளைவு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. ஆனாலும் பெரும்பான்மை வெல்லட்டும். ஒன்று மட்டும்: அது வினைத்தொகை. பிரித்து அச்சிட்டுவிடாதீர்கள்.

பயிற்றுநர் எழுதியது:

மன்னிக்க வேண்டும் ஐயா. பக்கம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே அச்சகத்துக்குப் போய்விட்டது. ‘விலகு வளைவு’ என்று பிரித்துத்தான் இருக்கிறது.