குழந்தைகளைக் காட்டாமல் நன்கொடை கேட்பது எப்படி? மதுரைப் பக்கம் அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை நகரிலும் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும் வேலை செய்கிற சிறிய அறக்கட்டளை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் களப்பணியாளராக இருந்த என்னிடம், சென்ற மாதம் நிதி திரட்டும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். நாங்கள் இல்லம் நடத்துவதில்லை. தந்தையை இழந்த, அல்லது தந்தை குடியில் விழுந்துவிட்ட, அல்லது தாய் நெடுநாள் நோயில் கிடக்கிற வீடுகளில், பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்கோ நூற்பாலைக்கோ போய்விடாமலும், பதினெட்டு வயதுக்கு முன்பே கட்டிக்கொடுக்கப்படாமலும், சோற்றுக்கு வழியில்லை என்பதற்காக மட்டுமே ஏதோ ஓர் இல்லத்தில் சேர்க்கப்படாமலும் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

இப்போது 40 குடும்பங்கள் இருக்கின்றன. ஆண்டுச் செலவு 18 லட்சம் ரூபாய். இதில் 12 லட்சம், குடும்பத்துக்கு மாதம் சராசரியாக 2,500 ரூபாய் வீதம், மளிகையாகவும் பள்ளிச் செலவாகவும் மருந்தாகவும் நேரே போய்விடுகிறது. மீதம் இரண்டு களப்பணியாளர்களின் சம்பளமும் பேருந்துச் செலவும் அலுவலக வாடகையும். இதுவரை வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஆண்டுக்கு 12 லட்சம் தந்துவந்தது. வருகிற மார்ச் மாதத்துடன் அது நின்றுவிடும்.

மதுரையில் கொடுக்கிற கைகளுக்குக் குறைவில்லை. சித்திரைத் திருவிழாவில் யாரும் சொல்லாமலேயே தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் ஊற்றுகிற ஊர் இது. பிறந்த நாள், திருமண நாள், பெற்றோரின் திதி என்றால் ஏதாவது ஓர் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவதும் பழகிப்போன ஒன்று. ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், வந்து பார்க்கலாமா?" என்பதே. அவர்கள் தத்தம் வீடுகளில் இருக்கிறார்கள் என்றால் முகம் வாடிவிடுகிறது. போன ஆண்டு நன்கொடையாளர் ஒருவர் மேடை போட்டு, ஒரு தாயையும் அவருடைய மகளையும் அழைத்து மிதிவண்டி கொடுத்தார். அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய பிறகு அந்தப் பெண் பத்து நாள் பள்ளிக்கே போகவில்லை. மிதிவண்டி இன்னும் திண்ணையில்தான் நிற்கிறது. அதற்குச் சம்மதித்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எனக்கு உறுத்தல் அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு, முகத்தைக் காட்டாமல், உள்ளூரிலேயே 12 லட்சம் திரட்ட முடியுமா? முடியும் என்றால் எங்கே தொடங்குவது?

திருநகர்வாசி எழுதியது:

நல்ல பணி. ஆனால் மக்களின் மனப்போக்கை மாற்றுவதைவிட அதற்கேற்ப நடப்பது எளிது. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மிகவும் சிரமப்படுகிற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை அங்கே தங்கவைத்துவிட்டால், பிறந்த நாள் சாப்பாட்டுக்காரர்கள் தாமாகவே வருவார்கள். அந்தப் பணத்தில் மற்றக் குடும்பங்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

முன்னாள் களப்பணியாளர் எழுதியது:

திருநகர்வாசி ஐயா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வழியில் இறங்கிவிடாதீர்கள். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இடமும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டத்தை விடுங்கள், பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதற்காகத் தொடங்கிய அறக்கட்டளை, நன்கொடை வருகிறது என்பதற்காக அதே பிள்ளையை வீட்டைவிட்டு எடுத்துவந்தால், அதன் பிறகு அந்த அறக்கட்டளை எதற்கு? இல்லம் இறுதி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சட்டமே ஒரு கோட்பாடாக வைத்திருக்கிறது.

படத்தைப் பற்றி உங்களுக்கு வந்த உறுத்தல் நியாயமானது. அதே சட்டத்தின் 74ஆவது பிரிவு, பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் விசாரணைக்கு வந்த பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் தெரியக்கூடிய எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் 40 வீடுகளில் சில பிள்ளைகளாவது குழுவின் முன் சென்றிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ளாமல், யாருடைய முகமும் வெளியே வராது என்று அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். படம் கேட்பவரிடம் அந்தத் தீர்மானத்தைக் காட்டினால் போதும். நீங்கள் தனியாக நின்று மறுத்ததாக இருக்காது.

இன்னொன்று. நிதி திரட்டப் புறப்படுமுன், திரட்ட வேண்டிய தொகையே குறையுமா என்று பாருங்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், உறவினர் வீட்டிலோ சொந்த வீட்டிலோ வளரும் பிள்ளைக்கு நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கைம்பெண்களின் பிள்ளைகளும், கடும் நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளும் அதற்கு உரியவர்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்கலாம். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் பெற்றோரின் ஆதரவை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். உங்கள் பத்துக் குடும்பங்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்து, அவர்களுக்கு நீங்கள் தரும் பணம் தேவைப்படாமல் போனால், உங்கள் கணக்குப்படியே ஆண்டுக்கு 3 லட்சம் குறையும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைந்து அந்தத் தாள்களைச் சேர்த்துக் கொடுப்பவர் உங்கள் களப்பணியாளர்தான். "சம்பளத்துக்கா கேட்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

மாசிவீதிக்காரன் எழுதியது:

நான் பணம் கொடுக்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கீழமாசி வீதியில் மூன்று தலைமுறையாக மளிகை மொத்த வியாபாரம். மாதத்துக்குக் குறைந்தது பத்துப் பேர் நன்கொடைப் புத்தகத்துடன் படியேறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களை நான் 501 ரூபாயோடு அனுப்பிவிடுகிறேன். அது ஏன் என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

முதல் காரணம், அவர்கள் "இயன்றதைச் செய்யுங்கள்" என்கிறார்கள். இயன்றது எவ்வளவு என்று என்னைக் கேட்டால் நான் 501 என்றுதான் சொல்வேன். இந்த வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய் ஆகிறது, அதை ஓராண்டுக்கு நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று எவராவது கேட்டிருந்தால், நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்திருப்பேன். தொகையைச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். கடைக்காரனுக்கு விலை சொல்லாத சரக்குதான் சங்கடம்.

இரண்டாவது, வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த ஆண்டு புத்தகத்துடன்தான் திரும்ப வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் செய்முறை செய்தால், எழுதுகிறவர் நோட்டில் ஊர், பெயர், தொகை மூன்றையும் எழுதுகிறார். இருபது ஆண்டு கழித்தும் அந்த வரி கிடக்கிறது. செய்முறைப் பணம் திரும்பி வரும், தர்மப் பணம் திரும்பி வராது, அது சரிதான். ஆனால் எழுதிவைத்திருக்கிறார்கள் என்ற நிம்மதி இரண்டுக்கும் பொது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு தாளில் வரவு, செலவு, இருப்பு எழுதி, "நீங்கள் ஏற்ற வீட்டில் பெரிய பையன் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டான்" என்று பெயரில்லாமல் இரண்டு வரி சேர்த்தால் எனக்குப் போதும். வழவழப்பான தாளில் ஆண்டறிக்கை அடித்துக்கொண்டு வராதீர்கள். அதைப் பார்த்ததும் அச்சுக்கூலி எவ்வளவு என்றுதான் என் மனம் கணக்குப் போடும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் கொடுக்கமாட்டார்கள் என்பதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய பூமி இது. காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது தனியே எடுத்துவைத்த பிடி அரிசியால் நடந்தது. அந்தப் பெண்கள் வகுப்பறைக்குள் வந்து தங்கள் அரிசி எந்தப் பிள்ளைக்குப் போனது என்று பார்க்கவில்லை. ஒருவர் தலையில் பெரிதாக ஏற்றாமல் பலரிடம் சிறிதாக, ஆனால் தவறாமல் வாங்கினார்கள்; அதை நடத்தியவர்களும் தெரிந்த ஆட்கள்.

போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் பணம் வெளியே தரத் தயங்குகிறவர்கள் எங்கள் வீதியில் இன்னும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மாதம் யாருக்கும் பேச நேரமிருக்காது. நான்கு பேராக வராதீர்கள், இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவரின் பெயரைச் சொல்லக்கூடியவராக இருக்கட்டும்.

பற்று வரவு எழுதியது:

மாசிவீதிக்காரர் சொன்னதற்கு மேல் மனிதர்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அறக்கட்டளைகளின் கணக்கைப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

வரிச்சலுகையை முன்வைத்துக் கேட்காதீர்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறையே இயல்பு முறையாகிவிட்டதால், மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு உங்கள் சான்றிதழால் ஒரு ரூபாயும் குறையாது. பிறகு தெரிந்து வருந்துவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சலுகை உள்ளவர்களுக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செல்லாது. நன்கொடையாளர்களின் பட்டியலை ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் உண்டு. ஆகவே ரசீது போடும்போதே பான் எண்ணை வாங்கிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால், ரசீதில் அச்சடிக்கும் பிரிவு எண்ணை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் உண்டியல் வைக்கும் எண்ணம் இருந்தால் அளவோடு வையுங்கள். யார் கொடுத்தது என்று தெரியாத நன்கொடை, ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 விழுக்காடு வரி உண்டு.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவு இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் சாதாரணக் கணக்கிலேயே பெறலாம். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால், அவர் உசிலம்பட்டியிலேயே பிறந்தவராக இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்; 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்கு மட்டுமே முதலில் வர வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே அந்தக் கணக்கு இருக்கும். யுபிஐ குறியீட்டை வாட்ஸ்அப்பில் பரப்பும்போது, இந்த வேறுபாட்டையும் அதன் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை இந்த மார்ச் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம் எதுவும், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிடக் கடமைப்பட்டதுதான். ஆனால் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து, அவர்கள் குழுவின் முன் திட்டத்தை வைத்து, ஒப்புதல் வாங்குவதற்குள் ஓர் ஆண்டு போய்விடும். பதிவை இப்போதே செய்து வையுங்கள், பணத்தை அடுத்த ஆண்டுக்கு எதிர்பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு எங்கள் களப்பணியாளர்கள் இருவருடனும் உட்கார்ந்து 40 வீடுகளின் கோப்புகளையும் பிரித்துப் பார்த்தோம். அரசு நிதி ஆதரவுக்கு உரியவர்களாக இருந்தும் ஒரே ஒரு சான்று இல்லாததால் விண்ணப்பிக்காமல் விட்ட குடும்பங்கள் பதினொன்று இருக்கின்றன. மூன்று வீடுகளில் கணவர் இறந்து ஆண்டுகள் ஆகியும் இறப்பையே பதிவு செய்யவில்லை. இத்தனை நாள் மளிகைப் பையோடு அந்த வீடுகளுக்குப் போய்வந்தவள் நான். ஒரு முறைகூட இதைக் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டால் நான் திரட்ட வேண்டியது 9 லட்சம். மாதம் 500 ரூபாய் தவறாமல் தருகிற 150 பேர் கிடைத்தால் அது நிறைவேறும். நோட்டில் 150 கோடுகள் போட்டுவிட்டேன். முதல் கோட்டில் என் பெயரையும், அடுத்த இரண்டில் களப்பணியாளர்கள் தாமாகச் சொன்ன அவர்கள் பெயர்களையும் எழுதியிருக்கிறோம். முகங்களை வெளியிடுவதில்லை என்ற தீர்மானம் வருகிற கூட்டத்தில் வருகிறது. மிதிவண்டி கொடுத்தவரிடமும் நானே போய்ப் பேசப் போகிறேன், அவர் கோபித்துக்கொள்ளக்கூடும்.

மாசிவீதி ஐயா, உங்கள் கடையின் பெயரைப் பொதுவில் கேட்கமாட்டேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டு பேர் வரலாமா?

மாசிவீதிக்காரன் எழுதியது:

பதினொரு மணிக்கு வாருங்கள் அம்மா. பத்தரைக்கு லாரி இறங்கும். அந்த நோட்டையும் கையோடு கொண்டுவாருங்கள்.