ஹாலிஃபாக்ஸ் நகரம் எப்படிப்பட்டது?

காரைக்குடி வாசகர்:
என் மகள் மேற்படிப்புக்காக கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத் தலைநகரான ஹாலிஃபாக்ஸுக்குச் செல்லவிருக்கிறாள். அந்நகரின் வரலாற்றையும் இயல்பையும் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

தேவகோட்டை அன்பர்:
ஐயா, 1749-இல் மிக்மாக் எனும் பழங்குடி மக்களின் மண்ணில் ஆங்கிலேயர் படைத்தளமாக அமைத்த ஊர் அது; குளிர்காலத்திலும் உறையாத ஆழமான துறைமுகம் இருந்ததால்தான், இரண்டு உலகப் போர்களிலும் அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்கள் அங்கே அணிதிரண்டன. அதற்கு அவ்வூர் கொடுத்த விலையும் பெரிது. 1917 டிசம்பர் 6 அன்று வெடிமருந்து ஏற்றிவந்த மோன் பிளாங் கப்பல் வேறொரு கப்பலோடு மோதித் தீப்பற்றி, சுமார் 20 நிமிடங்களில் வெடித்தது. சன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பலர் கண்ணாடிச் சில்லுகளால் பார்வை இழந்தனர், ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, நம் பக்கத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகளை அங்கே தேட வேண்டாம். மரப்பலகை வீடுகளே மிகுதி. கோட்டைக் குன்றில் நண்பகல்தோறும் பீரங்கி முழங்கும், மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.