சின்னக் கச்சேரிக்கு ஸ்டேஜ் மானிட்டர்: எந்த சைஸ் வாங்கலாம்?

அல்சூர் கஞ்சிரா:
வணக்கம். பெங்களூரில் நாங்கள் நாலு பேர் கொண்ட குழு: பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா. கோயில் உற்சவம், அபார்ட்மென்ட் ஹால், எப்போதாவது ரிசப்ஷன். நூறு பேர் வந்தாலே எங்களுக்குப் பெரிய கூட்டம். மைக் செட் அவர்களே வைத்துவிடுகிறார்கள். ஆனால் மேடைக்கு மானிட்டர், அதாவது பாடுகிறவர்களுக்குத் தங்கள் சத்தம் கேட்க அவர்கள் பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர், பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் கொஞ்சம் ஏற்றினால் விசில் அடிக்கிறது. தன் குரல் தனக்கே கேட்காமல் கத்திப் பாடி, மெயின் கீர்த்தனைக்கு வருவதற்குள் பாடகருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. சொந்தமாக வாங்கலாம் என்று எஸ்.பி. ரோடு போனால், 15 இன்ச் 1000 வாட்ஸ் பெட்டியைக் காட்டுகிறார்கள். ஆட்டோவில் கொண்டுபோகிற மாதிரி வேண்டும். எது எடுக்கலாம்?

ஸ்ரீராமபுரம் மைக் செட்:
தம்பி, 15 இன்ச் வேண்டவே வேண்டாம். தரையில் வைக்கிற பெட்டிக்குத் தரையே பாஸை ஏற்றிவிடும். அதில் மிருதங்கத்தின் தொப்பியும் (கனமான சத்தம் தரும் இடது பக்கம்) சேர்ந்தால் மேடையே குமுறும், குரல் அமுங்கிவிடும். 10 இன்ச் பவர்டு பெட்டி போதும், ஆம்ப் உள்ளேயே இருக்கும். யமஹா டிபிஆர்10 பத்தரை கிலோதான். அதில் டி-காண்டூர் என்று ஒரு செட்டிங் உண்டு. அதை 'மானிட்டர்' என்று வைத்தால் அந்த பாஸ் அடங்கும்.

வாட்ஸைப் பார்த்து மயங்காதீர்கள். பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பீக் வாட்ஸ், ஒரு நொடிப்பொழுது மட்டும் தாங்குகிற உச்சம். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். அதே பெட்டியை 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு இழுத்து வைத்தால், திறந்த வெளியில் 6 டெசிபல் சும்மா கிடைக்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. வெட்ஜ் பெட்டி, அதாவது முகம் மேலே சாய்ந்தபடி தரையில் வைக்கிற மானிட்டர், நின்று பாடுகிறவர் காதுக்குக் கணக்குப் பண்ணிச் செய்தது. நம் ஆட்கள் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள். பெட்டியைத் தள்ளி வைத்தால் சத்தம் தலைக்கு மேலே போய்விடும். பாடகர் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், ஹார்ன் (பெட்டியில் கீச்சுச் சத்தம் வருகிற வாய்) முகத்துக்கு நேராகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெட்டியின் பின்பக்கத்துக்கு ஒரு கட்டை கொடுங்கள்.

விசிலுக்குப் பாதிக் காரணம் மைக் இருக்கும் கோணம். ஷூர் எஸ்எம்58 மைக்குக் காது மந்தம் (சத்தத்தை மிகக் குறைவாக வாங்குகிற பக்கம்) நேர் பின்னால், அதன் வால் பெட்டியைப் பார்க்க வேண்டும். அதே ஷூரின் பீட்டா 58ஏ மைக் என்றால் அப்படி இல்லை. பின்னால் இரண்டு பக்கமும் சாய்வாகத்தான் மந்தம். அதற்குப் பெட்டியைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ள வேண்டும்.

மல்லேஸ்வரம் வயலின்:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மானிட்டரில் எல்லாரையும் போடச் சொல்லாதீர்கள். மிருதங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அது தானாகவே கேட்கும். பாட்டும் எலெக்ட்ரானிக் தம்புராவும் இருந்தால் எனக்குப் போதும். தம்புராவுக்கு மைக் வைக்காமல் லைன் அவுட்டிலிருந்து நேராக மிக்ஸருக்குக் கொடுங்கள். விசிலுக்கு ஒரு வழி குறையும்.

அல்சூர் கஞ்சிரா:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். மிக்ஸர் ஹால்காரருடையது. எங்கள் பெட்டியை அதில் எப்படிச் சேர்ப்பது?

ஸ்ரீராமபுரம் மைக் செட்:
மிக்ஸரில் ஆக்ஸ் அவுட் (மானிட்டருக்குத் தனியாக அனுப்புகிற வெளியீடு) கேளுங்கள், அதுவும் ப்ரீ-ஃபேடர், அதாவது ஹால் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்னாலேயே எடுப்பது. போஸ்ட்டில், அதாவது ஃபேடருக்குப் பின்னால் எடுத்துக் கொடுத்தால் ஹாலுக்கு ஏற்றும்போதெல்லாம் மேடையிலும் ஏறும், உடனே விசில். நீளமான எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடுகிற மூன்று முள் கேபிள்) உங்களுடையதாகவே இருக்கட்டும். கூட்டம் வருவதற்கு முன் மானிட்டரை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் எங்கே கூவுகிறதோ, ஈக்யூவில் (சுருதி வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அந்த ஒரு பேண்டை, அதாவது அந்தச் சுருதிப் பகுதியை மட்டும் 3 டெசிபல் இறக்குங்கள். மறுபடி ஏற்றிப் பாருங்கள். நாலைந்து பேண்டுக்கு மேல் கை வைத்தால் குரலின் உயிரே போய்விடும். அந்த நிலை வந்தால் ஈக்யூவை விட்டுவிட்டு மைக்கை நகர்த்துங்கள். வாங்குவதற்கு முன் ஒரு கச்சேரிக்கு 10 இன்ச் பெட்டியை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பாடகரே கேட்டுச் சொல்லட்டும்.