டெல்ரே பீச் 2008: ஜப்பானிய டென்னிஸ் வீரர் கெய் நிஷிகோரிக்கு அந்தப் பட்டம் சீக்கிரமே வந்துவிட்டதா?

டை_பிரேக்:
இன்னொரு ஜப்பானிய ஆட்டக்காரர் ஷின்டாரோ மொச்சிசுகி பற்றிய இழையில் ஒருவர் "நிஷிகோரி 18 வயதில் ஏடிபி பட்டமே வாங்கிவிட்டார், இவர் இன்னும் சேலஞ்சரில் கிடக்கிறார்" என்று எழுதியிருந்தார் (ஏடிபி ஆண்கள் டென்னிஸின் மேல்மட்டத் தொடர், சேலஞ்சர் அதற்கு ஒரு படி கீழே, ஃபியூச்சர்ஸ் இன்னும் கீழே). அந்த அளவுகோலே கோணல் என்பது என் கட்சி. நிஷிகோரியை ஆட்டக்காரராக்கியது 2008 இல்லை, 2010.

2008 பிப்ரவரியில் டெல்ரே பீச்சுக்கு வந்தபோது அவர் தரவரிசை 244. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம், அதன்பின் முதன்மைச் சுற்றில் ஐந்து. அரையிறுதியில் சாம் குவெரியிடம் நான்கு மேட்ச் பாயிண்ட்டைக் காப்பாற்றி, இறுதியில் ஜேம்ஸ் பிளேக்கை 3-6, 6-1, 6-4 என்று வென்றார். 1992இல் சியோலில் ஷூசோ மட்சுவோகா வென்றதற்குப் பிறகு ஜப்பானிய ஆண் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஏடிபி பட்டம். அழகான வாரம்தான். ஆனால் அடுத்த ஒன்றரை ஆண்டில் என்ன ஆனது? ஜூனில் விம்பிள்டன் முதல் சுற்றில் மார்க் ஜிக்கெலுக்கு எதிராக வயிற்றுத் தசைக் காயத்தோடு பாதியில் விலகல். 2009 மார்ச்சுக்குப் பிறகு வலது முழங்கையில் காயம். ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. கிட்டத்தட்ட 11 மாதம் களத்திலேயே இல்லை. 18 வயது உடம்பை 25 வயதுக்காரர்களின் அட்டவணைக்குள் திணித்ததன் விலை அது.

ரிட்டர்ன்_கேம்:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பட்டம் முன்னால் வந்தது, காயம் பின்னால் வந்தது, அவ்வளவுதான் உங்கள் கையில் இருப்பது. ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று நீங்கள் காட்டவில்லை.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அன்றைக்கு 244ஆம் இடத்தில் இருந்தவர் ஏடிபி போட்டிக்குப் போனால் பெரும்பாலும் முதலில் தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தது. சனி, ஞாயிறு, சில சமயம் திங்களும். முதன்மைச் சுற்று தொடங்கும்போதே தோளில் மூன்று ஆட்டத்தின் பாரம். தரவரிசை ஏறினால் அந்த மூன்றும் கழிகிறது. ஆக, பட்டம் சுமையைக் குறைத்தது.

பக்குவம் இல்லை என்பதும் சரியில்லை. அதே ஆண்டு யு.எஸ். ஓபன் மூன்றாம் சுற்றில், நான்காம் நிலை வீரர் டேவிட் ஃபெரரை 6-4, 6-4, 3-6, 2-6, 7-5 என்று வென்றார். இரண்டு செட் முன்னிலையைக் கோட்டைவிட்டு, ஐந்தாவது செட்டில் ஃபெரர் போன்ற ஓட்டக்காரரைச் சமாளிப்பது தற்செயலா? ஓபன் காலத்தில், அதாவது 1968 முதல், அங்கே கடைசி 16 பேருக்குள் வந்த முதல் ஜப்பானிய ஆண் அவர்தான். அடுத்த சுற்றில் டெல் போட்ரோவிடம் தோற்றார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்டு முடிவில் 63ஆம் இடம்.

டை_பிரேக்:
ஆட்டங்களை எண்ணினால் சுமை தெரியாது. எதிரே இருப்பவர் யார் என்பதுதான் சுமை. ஃபியூச்சர்ஸ் மட்டத்தில் நான்கு அடியில் முடிகிற புள்ளி, முதல் ஐம்பது பேருக்கு எதிராக எட்டு, பத்து அடி போகும். விம்பிள்டனுக்குச் சற்று முன் குயின்ஸில் நடாலிடம் ஒரு செட் எடுத்துவிட்டு மூன்றாவதில் தோற்றார். பாராட்டு குவிந்தது. அடுத்து வந்தது வயிறு.

வயிறும் முழங்கையும் தனித்தனிக் காயம் என்று எண்ண வேண்டாம். சர்வில் விசை காலிலிருந்து இடுப்பு, வயிறு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மேலேறி வருகிறது. நடுவில் ஒரு கண்ணி தளர்ந்தால் அடுத்த கண்ணி ஈடுகட்டும். நிஷிகோரியின் உயரம் 178 செ.மீ. உயரமானவர்களுக்குக் கோணம் சும்மா கிடைக்கிறது. இவர் ஒவ்வொரு சர்விலும் துள்ளி, கையை வேகமாக வீசித்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும். வயிற்றுத் தசை வலிக்கும்போது அந்த வேலையைக் கை எடுத்துக்கொள்ளும்.

நரம்பு_முடிச்சு:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். முழங்கை என்றதும் எல்லோரும் 'டென்னிஸ் எல்போ' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வெளிப்பக்கத் தசைநாண் பிரச்சினை. அதற்கு ராக்கெட்டில் கட்டும் விறைப்பான பாலியஸ்டர் நரம்பு, அதிக இறுக்கம், தாமதமாக அடிக்கும் பேக்ஹேண்ட் எல்லாம் காரணமாகலாம். இறுக்கத்தை இரண்டு மூன்று பவுண்டு குறைப்பது, நெடுக்கில் இயற்கைக் குடல் நரம்பும் குறுக்கில் பாலியஸ்டரும் போடுவது, செத்த பாலியஸ்டரை உடனே வெட்டி எறிவது ஆகியவை கைகொடுக்கும்.

நிஷிகோரிக்கு வந்தது எலும்பில் நுண்முறிவு. நரம்பை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. எலும்பு ஒவ்வொரு சுமைக்கும் கொஞ்சம் தேய்ந்து, ஓய்வில் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது. கட்டும் வேகத்தைவிடத் தேய்மானம் முந்தினால் விரிசல். ஒரே ஒரு கடினமான ஆட்டத்தில் அது வராது, ஓய்வு வாரங்கள் காணாமல் போவதில்தான் வரும். முதலில் ஆட்டத்துக்குப் பின் மட்டும் வலி, பிறகு ஆட்டத்திலேயே வலி, கடைசியில் சும்மா இருக்கும்போதும் வலி. பெரும்பாலோர் இரண்டாம் கட்டத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவார்கள், அங்கேதான் காரியம் கெடும்.

திரும்பி வரும்போது சர்வ் கடைசியில்தான் வரும். முதலில் மென்மையான பந்தில் அரைக் கோர்ட், பிறகு முழுக் கோர்ட்டில் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், அதன்பின் எண்ணிக்கை வைத்து அரை வேக சர்வ். மறுநாள் வலி இருந்தால் ஒரு படி கீழே. ரிட்டர்னும் பேக்ஹேண்டும் ஆயுதமாக இருப்பவருக்கு இந்த வரிசை கொஞ்சம் தோதானது, பெரிய சர்வை நம்பி வாழ்பவருக்கு நரகம்.

ரிட்டர்ன்_கேம்:
நரம்பு_முடிச்சு சொன்னதே என் பக்கம். ஓய்வு வாரம் குறைந்தது அட்டவணையின் குற்றம். பட்டத்தின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? பட்டம் வாங்கிய கையோடு மூன்று வாரம் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்த இழையே இருக்காது.

டை_பிரேக்:
அந்த மூன்று வாரத்தை யார் கொடுப்பார்கள்? 13 வயதில் சொந்த ஊரான மட்சுவேயிலிருந்து ஃபுளோரிடாவின் பிரேடன்டனில் உள்ள டென்னிஸ் அகாடமிக்கு, இளம் ஆட்டக்காரர்களுக்கான மொரிட்டா நிதியின் உதவியோடு அனுப்பப்பட்ட பையன். அவரைச் சுற்றி ஓடிய திட்டத்துக்கே 'பிராஜெக்ட் 45' என்று பெயர். மட்சுவோகாவின் உச்சத் தரவரிசை 46, அதைத் தாண்ட வேண்டும் என்பதால். இலக்கைத் தரவரிசை எண்ணாக வைத்தால் தரவரிசைப் புள்ளி வேட்டையில்தான் போய் முடியும். 2009 தொடக்கத்தில் அவர் 56இல் இருந்தார். இன்னும் 11 படி. அந்த நேரத்தில் எந்த ஏஜென்ட் "ஓய்வெடு" என்பார்?

ரிட்டர்ன்_கேம்:
இதை ஒப்புக்கொள்கிறேன், பாதி மட்டும். எண்ணைக் குறிவைத்தது தவறு. ஆனால் அதே அகாடமிதான் காயத்துக்குப் பின் அவசரப்படாமல் அவரைச் சேலஞ்சருக்கு அனுப்பியது. உங்கள் 2010ஐச் சொல்லுங்கள், கேட்போம்.

டை_பிரேக்:
2010இல் அவர் வென்ற சேலஞ்சர்கள் நான்கு: சரசோட்டா, சவான்னா, பிங்ஹாம்டன், நாக்ஸ்வில். நான்கும் அமெரிக்கா. சரசோட்டா பிரேடன்டனுக்குப் பக்கத்து ஊர். பயணக் களைப்பு இல்லை, பயிற்சியாளரும் பிசியோவும் கைக்கெட்டிய தூரத்தில். முதல் இரண்டும் பச்சைக் களிமண்ணில். அங்கே பந்து மெதுவாக வரும், சர்வுக்கு மதிப்புக் குறைவு, கால் சறுக்கி நிற்கலாம். பின்னவை ஹார்ட் கோர்ட், நாக்ஸ்வில் உள்ளரங்கம். குணமாகிவரும் கைக்கு இதைவிட நல்ல படிக்கட்டு அமையாது.

அப்போதைய கணக்கில் 50,000 டாலர் சேலஞ்சர் பட்டத்துக்கு 80 புள்ளி. நான்கு பட்டம் என்றால் குறைந்தது 320. நூறாம் இடத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் போதும். ஆண்டு முடிவில் 98. இப்படி ஏறிய தரவரிசை ஒரே வாரத்துப் புள்ளியில் தொங்கவில்லை. டெல்ரே பீச் புள்ளியோ சரியாக 52 வாரத்தில் உதிர்ந்துவிடும். ஒரே போட்டியில் ஏறியவர் அடுத்த ஆண்டு அதே வாரம் மறுபடி நன்றாக ஆடியே தீர வேண்டும், கை வலித்தாலும்.

ரிட்டர்ன்_கேம்:
ஒன்றை மறைக்கிறீர்கள். அதே 2010 யு.எஸ். ஓபனில் தகுதிச் சுற்று தாண்டி வந்து, இரண்டாம் சுற்றில் சிலிச்சை 5-7, 7-6, 3-6, 7-6, 6-1 என்று வென்றார், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அடுத்த ஆட்டத்தில் மோன்டானியெஸுக்கு எதிராகப் பாதியில் விலகல். சேலஞ்சர் படிக்கட்டில் ஏறிய உடம்பும் அங்கே நின்றுவிட்டதே? அன்றைய புள்ளியையும் பாருங்கள். மூன்றாம் சுற்றுக்கு 90, தகுதிக்கு 25. மொத்தம் 115, ஒரு சேலஞ்சர் பட்டத்தைவிட அதிகம். பெரிய போட்டியில் ஆடும் துணிச்சலை அவருக்கு 2008தான் கொடுத்தது என்பேன்.

டை_பிரேக்:
விலகலை மறைக்கவில்லை. ஆறு ஆட்டம், அதில் ஒன்று ஐந்து மணி நேரம். நீங்கள் மேலே சொன்ன தகுதிச் சுற்றுப் பாரம்தான் அது. இந்த முறை உங்கள் வாதமே எனக்கு உதவுகிறது.

2011இல் ஷாங்காய் அரையிறுதிக்குப் பின் 30ஆம் இடம், மட்சுவோகாவின் 46 போயிற்று. அடுத்து பாசெலில் ஜோகோவிச்சை 2-6, 7-6, 6-0 என்று வென்று, இறுதியில் ஃபெடரரிடம் 6-1, 6-3 என்று தோற்றார். 'பிராஜெக்ட் 45' ஈடேறியது 2011இல், 21 வயதில். 18இல் இல்லை.

நரம்பு_முடிச்சு:
மொச்சிசுகியை இருவரும் மறந்தேவிட்டீர்கள். 2019 விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். ஜப்பானிய ஆண்களில் ஜூனியர் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல்வர். அகாடமி அதே பிரேடன்டன். 2020இல் தொற்றுநோயால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை டூரே நின்றது, அவருக்கு அப்போது 16, 17 வயது. நிஷிகோரி ஃபியூச்சர்ஸ் ஆடிப் பழகிய வயது அது. 2023 டோக்கியோவில் வைல்ட் கார்டில் (தகுதிச் சுற்றில்லாத நேரடி அழைப்பு) வந்து டெய்லர் ஃபிரிட்ஸை வென்று அரையிறுதி போனார். அந்த வாரத்துக்குப் பின் என்ன அட்டவணை போட்டார்கள் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

ரிட்டர்ன்_கேம்:
அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன். ஃபெரர் ஆட்டத்தின் ஐந்தாவது செட்டைப் பார்த்துவிட்டு டை_பிரேக்கும் வரட்டும்.