ருவாண்டா பாடத்தை எப்படித் தொடர்வது?

ஆசிரிய நண்பர்களே, ஒன்பதாம் வகுப்பில் ருவாண்டா இனப்படுகொலையை நடத்திக்கொண்டிருக்கிறேன். 1994, நூறு நாட்கள், சுமார் எட்டு லட்சம் பேர் என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் சலனமில்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். படுகொலைக்கு இலக்கான துட்சி இன மக்களை வானொலியில் 'கரப்பான்பூச்சிகள்' என்று அழைத்ததைச் சொன்னதும் வகுப்பு அடங்கிவிட்டது. கடைசி பெஞ்சில் ஒருவன், தான் யாருக்கோ வைத்த பட்டப்பெயரை நினைத்தோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான். அங்கிருந்தே தொடர விரும்புகிறேன். அந்நாட்டை அப்போது ஆண்ட பெல்ஜிய ஆட்சி 1930களில் அடையாள அட்டையில் இனத்தைக் குறித்ததை அடுத்து எடுக்கலாமா? பிணங்களின் படங்களைக் காட்ட மாட்டேன். கொலையாளி, பலியானவர் என்று நடிக்கவும் வைக்க மாட்டேன். உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களை வகுப்பில் வாசித்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு வாசித்தீர்கள்? அழுத பிள்ளையை எப்படித் தேற்றினீர்கள்? அடுத்த வகுப்பு வியாழக்கிழமை.